சும்மா நின்ற பஸ்ஸின் பேட்டரி

எங்கள் அடுக்ககத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டால் குழாயை இறுக்கி மூடுவார்கள். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் நாலு மாடி, எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. தி. நகர் ஜவுளிக் கடையில் புடவை விற்று ஓய்வு பெற்ற பிறகு, மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது, யார் வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று கண்டுபிடித்துச் சத்தம் போடுவது எல்லாம் என் வேலையாகிவிட்டது. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. கடையில் அத்தனை வருடம் சிரித்துச் சிரித்துப் பேசியதில் உள்ளே தங்கிப்போன கோபம் இப்போதுதான் வெளியே வருகிறது என்பாள் என் மனைவி. இருக்கலாம். முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களிடம் சிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

"சொட்டுச் சொட்டாப் போனாலும் போறது போறதுதான்." இது மாடிப்படியில் நின்று நான் கத்தும் வசனம். குழந்தைகள்கூட என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டும்.

என் மனைவிக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். கூடத்தில் ஓர் ஆக்சிஜன் மிஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறைக் காற்றை இழுத்து வடிகட்டி, ஆக்சிஜனை நீளமான குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பும். அந்தக் குழாய் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் அவள் உலகம்: படுக்கையறை, கூடம், பால்கனி. சமையலறை வாசல்வரை எட்டும், ஆனால் உள்ளே போகக் கூடாது. ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதனால் பூஜை அலமாரியில் எண்ணெய் விளக்கும் நின்றுபோயிற்று. அவளுக்கு அதுதான் பெரிய குறை. சமைக்க முடியாததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நான் பாண்டி பஜாரில் சுற்றி, தீபம் போலவே வடிவம் செய்த ஒரு சின்னச் சிவப்பு மின்விளக்கை வாங்கி வந்து முருகன் படத்துக்கு முன்னால் சொருகி வைத்தேன். முதல் நாள் அதைப் பார்த்து அழுதாள். மறுநாள் குளித்துவிட்டு வந்து அதையே கும்பிட்டாள். அதற்குப் பிறகு அது வெறும் பல்பு இல்லை, எங்கள் வீட்டு விளக்கு.

இப்படி இருக்கும்போதுதான் மதுரையில் கல்யாணம் செய்து கொடுத்த எங்கள் ஒரே மகள் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. அவள் பிரயாணம் செய்யவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெற்றவள் கையால்தான் முதல் வளையல் ஏற வேண்டும். மகள் போனில், "வீடியோவுல பாத்துக்கலாம்மா, இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள். இவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் விசாரிக்காத வழி இல்லை. ரயிலில் போன் சார்ஜ் செய்யும் பிளக்கில் இந்த மிஷின் ஓடாது. கையில் தூக்கிப் போகும் சின்ன மிஷின் அவளுக்குப் போதாது. கடைசியில் தயங்கித் தயங்கி, "ஆம்புலன்ஸ்ல போயிடலாமா?" என்று கேட்டேன்.

"வளைகாப்புக்கு யாராவது ஆம்புலன்ஸ்ல போய் இறங்குவாங்களா? வாசல்லயே எல்லாரும் அழுதுடுவாங்க" என்றாள். 

வழி சொன்னவன் அவளுடைய தம்பி. என் மச்சான் தேனாம்பேட்டையில் வேன், மினி பஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, பழைய பஸ் ஒண்ணு ஷெட்டுல சும்மா தூங்கிக்கினு கீது. சீட்டெல்லாம் புடுங்கிட்டு கட்டில் போட்டுர்றேன். வீட்டையே தூக்கிக்கினு போலாம். இன்னா சொல்ற?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல, "பஸ்ஸுல கரண்ட் எங்கேர்ந்து வரும், உங்க அப்பன் வீட்லேர்ந்தா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அன்று சாயங்காலமே அந்த பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டேன்.

அனுமதி வாங்கி, தச்சு வேலை முடித்து, பஸ்ஸுக்குள் கட்டில், கை கழுவும் தொட்டி, சின்னக் கழிவறை எல்லாம் வந்தன. கரண்ட் வேலைக்கு மச்சான் ராயப்பேட்டையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தான். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கல்யாண வீட்டு சீரியல் லைட்டிலிருந்து தியேட்டர் ஏசி வரைக்கும் கை வைக்காத வேலை இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். பேச்சு கொஞ்சம் அதிகம். ஆனால் என் மனைவி பேச ஆரம்பித்தால் மட்டும், அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை கையிலிருக்கும் ஸ்பேனரைக்கூட அசைக்காமல் காத்திருப்பார். அதற்காகவே அவருடைய பேச்சையெல்லாம் மன்னித்தேன்.

"சார், வீட்டுல கரண்ட்டு வந்துக்கினே கீது. நீங்க கேள்வியே கேக்கத் தேவயில்ல. பஸ்ஸு அப்டி இல்ல. எத்தினி வச்சிருக்கீங்களோ அத்தினிதான்" என்றார்.

கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய லித்தியம் பேட்டரி. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்க இன்வெர்ட்டர். கூரைமேல் பழைய ஏசி பெட்டி போக மிச்சமிருந்த இடத்தில் ஒரே ஒரு சோலார் தகடு. வண்டி ஓடும்போது எஞ்சினும் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். எனக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு எங்கள் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டேன். பேட்டரிதான் தொட்டி. சோலாரும் எஞ்சினும் தொட்டியை நிரப்பும் குழாய்கள். ஆக்சிஜன் மிஷின் மூடவே முடியாத ஒரு குழாய். தொட்டி நிறைந்திருந்தால், வேறு உதவி இல்லாமலே ஒரு பகல் முழுக்க மிஷின் ஓடும் என்று பாய் கணக்குச் சொன்னார். எஞ்சின் கொடுப்பதும் சேர்ந்தால் மதுரைக்குப் போய்ச் சேர தாராளம், வழியில் லாரி கவிழ்ந்து பாதை அடைத்தால்கூடப் பயமில்லை. அங்கே போனதும் சம்பந்தி வீட்டில் வயர் இழுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். தொட்டி விஷயம் என்றானதும் எனக்கு மிடுக்கு வந்துவிட்டது.

கடைசியாக, என் மனைவி ஆசைப்பட்டபடி, பஸ்ஸிலும் ஒரு முருகன் படம் மாட்டினோம். அதற்கும் அதே மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. மச்சான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் மட்டும் தெருவில் கொளுத்தினான். நான் உள்ளே போய் விளக்கை ஏற்றி, அது அணையாமலிருக்க இன்வெர்ட்டர் சுவிட்சின்மேல் கறுப்பு டேப்பைக் குறுக்காக ஒட்டினேன். "இதுல மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது" என்று இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னேன். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பாய் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார்.

தேனாம்பேட்டை ஷெட்டில் பேட்டரியை முழுக்க நிரப்பி, பஸ்ஸை எங்கள் சந்துக்குக் கொண்டு வந்தோம். சந்து முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் நிழலுக்காக எதிர்வீட்டுக்காரரும் நானும் பல வருடமாகச் சண்டை. சென்னையில் வண்டி வைத்திருக்கிறவனுக்கு மர நிழலைவிடப் பெரிய சொத்து இல்லை. அவர் கார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து பஸ்ஸை நிழலில் நிறுத்தி, ஜெயித்துவிட்ட பெருமையோடு மாடிக்கு வந்தேன். மறுநாள் பாய் வந்து அண்ணாந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், வெய்யில துன்னுட்டு உயிர் வாழ்ற வண்டி சார் இது. மரத்தடியில வுட்டு பட்னி போட்டு கீறீங்களே!"

நிழலை எதிர்வீட்டுக்காரருக்கே விட்டுக்கொடுத்து, பஸ்ஸை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தினோம். சந்தில் இரண்டு பக்கமும் மாடி வீடுகள், நடு உச்சி நேரத்தில்தான் வெயில் தரைக்கு இறங்கும். இருந்தாலும் ஏதோ கிடைக்கட்டும். என் பெருந்தன்மையைக் கண்டு மிரண்டுபோன எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். மனைவி பால்கனியில் நின்று சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுக்ககத்தின் பொது மீட்டரிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போட்டிருக்கலாம். ஆனால் "பொது இணைப்பில் வண்டிகளுக்குச் சார்ஜ் போடக் கூடாது" என்று வாசலில் போர்டு எழுதி மாட்டியவனே நான்தான். மூன்றாம் மாடிப் பையனின் ஸ்கூட்டர் வயரைப் பிடுங்கியவனும் நான்தான். எந்த முகத்தோடு வயரைச் சொருகுவது?

பஸ் சந்தில் நின்று ஒரு வாரம் ஆன பிறகு, மதுரைக்குப் போகும் முன் ஒரு ஒத்திகை பார்க்க நினைத்தோம். பெசன்ட் நகர் போய்க் கடற்கரையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பகல் முழுக்க மிஷின் ஓடுகிறதா என்று பார்ப்பது. மச்சானும் பாயும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், மிஷினை நான் இறக்கினேன். இலைப்பச்சைச் சுங்குடிப் புடவை கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போகாதவள், முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தாள். இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மீட்டரில் பதிமூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. "ஃபுல்லு" என்றார் பாய்.

ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பக்கம் நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்ததும் கடல் காற்றும் மீன் வாடையும் உள்ளே வந்தன. ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் அவள் இங்கே வந்து பேரம் பேசி மீன் வாங்கியவள். கூடையோடு போன ஓர் அம்மா நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வூட்டையே ஓட்டிக்கினு வந்துட்டியா?" என்றாள். இவள் மூக்கில் குழாயோடு, மூச்சை விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே சங்கரா மீனுக்குப் பேரம் பேசினாள். அந்தம்மாவும் பாவம் பார்த்து விலையைக் குறைத்துவிடாமல், சரிக்குச் சரி மல்லுக்கு நின்றாள். அதுதான் என் மனைவிக்குப் பிடித்திருந்தது.

மீனை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. திடீரென்று மின்விசிறி நின்றது. மிஷின் நீளமாக ஒரு கூச்சல் போட்டு அடங்கியது. சாமி விளக்கும் அணைந்தது. ஆபத்துக்கென்று சின்ன சிலிண்டர் ஒன்று வைத்திருந்தோம், ஆனால் நான் அதன் திருகைப் பதற்றத்தில் தப்புப் பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தேன். பாய்தான் வாங்கித் திறந்தார். மச்சான் எஞ்சினைக் கிளப்பி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே அடையாறு வழியாக வீட்டுக்கு ஓட்டினான். வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.  இதே விழுப்புரத்தைத் தாண்டி நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

"போதும். மதுரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

அவள் கட்டிலில் சாய்ந்து, நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு, "இங்கயே நின்னுச்சே, அது நல்லதுதானே? வழியில நிக்கலையே" என்றாள். பிறகு, "மீனை ஃபிரிட்ஜுல வைங்க" என்றாள்.

பாய் மறுநாள் வாடிய முகத்தோடு வந்தார். பேட்டரியில் குறை இல்லை, மீட்டரைத்தான் நம்பிவிட்டோம் என்றார். பழைய வகை பேட்டரியில் வோல்ட் குறைவதை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாமாம். லித்தியம் அப்படியில்லை. ஏறக்குறையக் காலியாகும்வரை அதே பதிமூன்றைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரேயடியாக விழுந்துவிடுமாம்.

"கடசி வரிக்கும் மூஞ்சி வாடாது சார். அப்றம் ஒரே போடு, கவுந்துடும்."

"நம்ம வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்தா நான் இருக்கிற மாதிரி" என்றாள் என் மனைவி. எனக்குச் சுருக்கென்றது. யாராவது பார்க்க வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துப் பேசுவாள். அவர்கள் படியிறங்கியதும் அப்படியே சாய்ந்துவிடுவாள், பிறகு அன்று முழுக்க எழ மாட்டாள். வந்தவர்கள் தெருவுக்குப் போய், பரவாயில்லையே, நல்லாத்தானே இருக்கா என்று பேசிக்கொண்டு போவது எனக்குப் பால்கனியில் கேட்கும்.

பாய் வேறொரு மீட்டர் பொருத்தினார். பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணி, நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது. ஷெட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிவிட்டு மறுபடி சந்தில் நிறுத்தினோம். நூறு காட்டியது. இனி கவலை இல்லை என்று படுத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் கணிசமாகக் குறைந்திருந்தது. உச்சி வெயிலில் கொஞ்சம் ஏறியது, மறுநாள் காலை முன்பைவிடக் கீழே இறங்கிவிட்டது. மிஷின் ஓடவில்லை, விசிறி ஓடவில்லை, யாரும் உள்ளே இல்லை. பூட்டிய பஸ் சும்மா நின்றுகொண்டே கரைந்துகொண்டிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊரார் வீட்டுக் குழாய்க்கெல்லாம் காவல் நின்றவன் நான். என் தொட்டியிலேயே எங்கோ ஒழுகுகிறது, எங்கே என்று தெரியவில்லை. பாய் வந்து எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, வயரைக் கவ்விப் பார்க்கும் மீட்டரால் சோதித்தார். அப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. "எலி சார்" என்றார் உறுதியாக. "மயிலாப்பூர் எலி பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல. வயர எங்கியோ கடிச்சி வச்சிருக்கும்." பலகைகளைக் கழற்றி ஒவ்வொரு வயராக உருவிப் பார்த்தார். எலிப் புழுக்கைகூட இல்லை. நான் எலிப்பொறி வைத்தேன், அதில் எங்கள் அடுக்ககத்துப் பூனைதான் காலை விட்டுக்கொண்டு கத்தியது.

வளைகாப்பு நெருங்கிவிட்டது. மகளிடம் நானே போன் செய்து, "அம்மாவால வர முடியாதும்மா, வண்டி சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். "பரவால்லப்பா" என்றாள் அவள். அந்தப் பரவால்லப்பாவைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னதும் அவள் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. "நான் ஒருதடவ உள்ள உக்காந்து பாக்குறேன்" என்றாள். "நீ என்ன எலக்ட்ரீஷியனா?" என்று கேட்டேன். "இல்ல. ஆனா எனக்காகத்தான பஸ்ஸு?" என்றாள்.

பொழுது சாயும் நேரம். சின்ன சிலிண்டரோடு அவளைக் கீழே இறக்கி, பஸ்ஸுக்குள் கட்டிலில் உட்கார வைத்தோம். பாய் மறுபடியும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். விசிறி, டியூப் லைட், தண்ணீர் மோட்டார். "அவ்ளோதாம்மா. எல்லாம் ஆஃப் பண்ட்டேன். இப்பயும் போய்க்கினுதான் கீது பாருங்க" என்று மீட்டரைக் காட்டினார்.

அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. பாயின் முகத்தைப் பார்த்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தில் ஒரு பக்கம் சிவப்பாகத் தெரிந்தது.

"எல்லாம் ஆஃப்னா, இது எப்படி பாய் எரியுது?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். முருகன் படத்துக்கு முன்னால் அந்தச் சின்ன விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

பாய் இன்வெர்ட்டரின்மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அது சாமி லைட்டும்மா. இன்வெர்ட்டர ஆஃப் பண்ணா அது அணஞ்சிடும். நாம போய் அதுல எப்டிம்மா கை வக்கிறது? அதுவும் நானு" என்றார்.

"நானும் டெய்லி ஏறுறப்ப கும்புட்டுக்கினுதான்க்கா போறேன்" என்றான் மச்சான்.

 டேப் ஒட்டினவன் நான்தானே.

பாய் அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார். விளக்கு குடிப்பது ஒன்றுமேயில்லை, ஓர் எறும்பு குடிக்கும் அளவு. ஆனால் அந்த எறும்புக்காக அவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. விழித்திருப்பதற்கே அதற்குக் கரண்ட் வேண்டும். சந்தில் சோலார் கொடுப்பதைவிட அது குடிப்பது அதிகம். "வூட்டு இன்வெர்ட்டர யாரு சார் ஆஃப் பண்றா? அதுக்கு கவர்மென்ட் கரண்ட்டு சோறு போட்டுக்கினே கீது. அதே நெனப்புல வுட்டுட்டேன். இங்க அதுக்கு யாரு போடுறா? சும்மா நிக்கிறது எத்தினி துன்னப் போவுதுன்னு நெனச்சிட்டேன்."

"சும்மா இருக்கிறதுக்குச் செலவு இல்லன்னு யார் பாய் சொன்னது?" என்றாள் என் மனைவி. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பாய் கை அசைக்காமல் காத்திருந்தார். "என்னைப் பாக்க வர்றவங்க எல்லாம், சும்மாதானே படுத்திருக்கே, அப்புறம் ஏன் களைப்புன்னு கேக்குறாங்க. சும்மா படுத்திருக்கத்தான் எனக்குப் பாதி மூச்சு போவுது. மிச்சத்தை வச்சுத்தான் குளிக்கணும், சாப்பிடணும், இவரோட சண்டை போடணும்."

கட்டிலிலிருந்து கையை நீட்டி இன்வெர்ட்டரின் மேலிருந்த டேப்பை நகத்தால் நெருட ஆரம்பித்தாள். நான் உதவிக்குப் போனேன், தள்ளிவிட்டாள். டேப் பிய்ந்து வந்தது. முருகன் படத்தைப் பார்த்து, "நானும் சேர்ந்து இருக்கும்போது எரிஞ்சாப் போதும். மத்த நேரம் நீயும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ" என்றாள். சுவிட்சை அமர்த்தினாள். விளக்கு குளிர்ந்தது. பாயின் கையிலிருந்த மீட்டர் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

உள்ளே முழு இருட்டு. எத்தனை வருடமாக அவள் பக்கத்திலேயே இருக்கிறேன். மாத்திரை, குழாய், டாக்டர் எல்லாவற்றிலும் நான் கெட்டி என்று நினைப்பு. அவள் படுத்திருப்பதே ஒரு வேலை என்று அந்த பஸ்ஸுக்குள்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. இருட்டாக இருந்ததால் அழுதேன்.

பஸ்ஸை மறுபடி தேனாம்பேட்டைக்குக் கொண்டுபோய் நிரப்பி, இன்வெர்ட்டரை அணைத்து இரண்டு நாள் சந்தில் விட்டோம். மீட்டர் நூறிலேயே நின்றது. மறுபடி பெசன்ட் நகர் போனோம். அந்த மீன்காரம்மா, "இன்னிக்கி கரண்ட்டு கீதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்கினாள். சாயங்காலம் கடலிலிருந்து படகுகளைக் கரையேற்றும்வரை மிஷின் ஓடியது. அங்கிருந்தே மகளுக்குப் போன் செய்து, போனை இவளிடம் கொடுத்தேன்.

மதுரைக்கு விடியலில் கிளம்பினோம். பாய் வரவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக மிஷின் ஓடியது, அவள் தலைமாட்டில் விளக்கும் எரிந்தது. அவள் இருக்கும்போது எப்படியும் இன்வெர்ட்டர் விழித்திருக்கும், ஆகவே விளக்குக்குத் தனிச் செலவு கிடையாது. அதை நான் மூன்று முறை எல்லோருக்கும் விளக்கினேன். நான்காவது முறை ஆரம்பித்தபோது மச்சான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லாம் தயாராக இருந்தது. மனையில் மகள், தட்டு நிறைய வளையல், நடுவில் ஐந்து முகமும் திரியிட்ட குத்துவிளக்கு. என் மனைவியை மூக்குக் குழாயோடு கொண்டுவந்து மகளுக்கு எதிரில் உட்கார வைத்தோம், பக்கத்தில் மிஷின். அப்போதுதான் யாரோ தீப்பெட்டியை எடுத்தார்கள். "நெருப்பு கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் கூடமே திடுக்கிட்டது. விளக்கேற்றாமல் வளைகாப்பா என்று பெரியவர்களுக்குள் முணுமுணுப்பு. அம்மாவைத் தள்ளி அடுத்த அறையில் உட்கார வைக்கலாமே என்றார் ஒருவர். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் மனையிலிருந்தபடியே வாசல் பக்கம் பார்த்து, "மாமா, பஸ்ஸுல நம்ம வீட்டு விளக்கு இருக்குல்ல, அதை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மச்சான் ஓடினான். பாய் வயர் இழுத்துக் கொடுத்தார். குத்துவிளக்கை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் பாண்டி பஜார் விளக்கை வைத்தார்கள். கரண்ட் விளக்கா என்று முகம் சுளித்த ஒரு பெரியம்மாவிடம், "எங்க வீட்ல இதுதான் விளக்கு" என்றாள் மகள்.

என் மனைவி சுவிட்சைப் போட்டாள். பிறகு மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வளையலை ஏற்றினாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். இரண்டாவது வளையல். மறுபடி மூச்சு. அவசரப்படுத்துகிறவர்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. முகம் சுளித்த பெரியம்மாகூடக் கையில் அடுத்த வளையலை வைத்துக்கொண்டு, அவள் மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார்.